பிரஸ் ஷாப் நால்வர் ஆற்றில் இறங்கிய நாள்

ஷேக் தாவூத் யாரைப் பார்த்தாலும் முதலில் கையைத்தான் பார்ப்பார். முகம் பிறகுதான். கேன்டீனில் எதிரே வந்து உட்காருபவரின் கை, சம்பளக் கவுண்டரில் கையெழுத்துப் போடுபவரின் கை, வேலை கேட்டு வந்து கேட்டில் நிற்பவரின் கை. ஒரு நொடி பார்த்துவிட்டுத்தான் "என்னாங்க, நல்லா இருக்கீங்களா" என்பார். 1990-இல் ஓசூரில் அந்தக் கம்பெனியின் பெர்சனல் டிபார்ட்மென்டில் நான் சேர்ந்த முதல் நாள், என் கையையும் அப்படித்தான் பார்த்தார். பெண் பார்க்க வந்தவர் வளையலைக் கணக்கெடுப்பதுபோல இருந்தது. எனக்குக் கூச்சமாகிவிட்டது. பிறகு எட்டு வருடம் அந்தப் பார்வையைப் பார்த்துப் பழகிப்போனேன்.

அவர் பிரஸ் ஷாப்பில் செட்டர், அச்சை மாட்டி மெஷினைத் தயார் செய்பவர். லாரிகளுக்கான தகட்டுப் பாகங்கள் செய்யும் கம்பெனி எங்களுடையது. அங்கே இருந்ததிலேயே பெரிய பிரஸ் அவர் பொறுப்பில் இருந்தது. மூன்று ஆள் உயரம். கீழே ஓர் அச்சு, மேலே இன்னோர் அச்சைச் சுமந்த இரும்புத் தலை. நடுவில் தகட்டை வைத்துத் தலையை இறக்கினால் தகடு கதவின் வடிவத்துக்கு மடங்கும். கை இருந்தால் கையும் மடங்கும். ஆகவே மெஷினைச் சுற்றி நான்கு பேர் நிற்பார்கள், முன்னால் இருவர், பின்னால் இருவர். ஒவ்வொருவருக்கும் இரண்டு பொத்தான்கள், கைக்கு ஒன்றாக. எட்டுப் பொத்தான்களும் ஒரே நேரத்தில் அழுந்தினால்தான் தலை இறங்கும். யாராவது ஒரு கையை எடுத்தாலும் பாதி வழியிலேயே நின்றுவிடும். ஏதோ சரியில்லை என்று பட்டால் யோசிக்கக் கூடாது. கத்தியும் பயனில்லை, அந்தச் சத்தத்தில் கேட்காது. கையை எடுத்துவிட வேண்டும். அங்கே கற்றுக்கொள்ள வேண்டியது அது ஒன்றுதான்.

ஒரு ஷிப்டுக்கு அறுநூறு தகடு. தாவூத் பாயும் அவருடைய மூன்று பேரும் ஒன்பது வருடம் இதைச் செய்திருந்தார்கள். ஒரு நகம்கூடப் போகவில்லை. பக்கத்துப் பிரஸ்களில் அப்படிச் சொல்ல முடியாது.

அந்த மூன்று பேரில் வாயாடி தீர்த்தகிரி. எலத்தகிரியிலிருந்து வரும் சிங்கராயர் கொஞ்சம் கண்டிப்பானவர், கத்தோலிக்கர், ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிடாதவர். மூன்றாவது ஆள் திம்மப்பன். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ் பேசுவார். அதிகம் பேசமாட்டார்.

1995 செப்டம்பரில் பெங்களூரிலிருந்து ஒரு ஆலோசகர் வந்து, கம்பெனியில் எல்லோரும் ஒரு குழுவாக இயங்கவேண்டும் என்று இரண்டு நாள் பேசிவிட்டுப் போனார். அதன் பலனாக ஓர் உல்லாசப் பயணம் முடிவானது. காவிரியின் கர்நாடகப் பக்கத்தில், பாறைகளுக்கு நடுவே ஆறு வெள்ளை வெள்ளையாகப் பாய்ந்து இறங்கும் ஓர் இடத்தில், ரப்பர் படகு விடும் முகாம் இருந்தது. ஒவ்வொரு மெஷின் குழுவும் ஒரு படகில் இறங்க வேண்டும். கரையில் நின்று அவர்களைப் பார்த்து ஒரு பாரத்தை நிரப்ப வேண்டும். ஒத்துழைப்பு, தலைமை, நிதானம் என்று பத்துக்கு இத்தனை. நிரப்பும் வேலை எனக்கு.

போச்சம்பள்ளியில் அப்போது புதிய ஷெட் தயாராகிக்கொண்டிருந்தது. மதிப்பெண் குறைந்த குழுக்களைப் பிரித்து, பாதிப்பேரை அங்கே அனுப்பப்போவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். விஷயம் என் மேஜையைவிட்டு வெளியே போவதற்குள் பிரஸ் ஷாப்புக்குப் போய்விட்டது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் தாவூத் பாய் வந்தார். பாரக்கட்டின்மேல் இருந்த என் கையைப் பார்த்தார். உட்காரவில்லை.

"ஜெபாம்மா, இதுல என்னா எழுதுவீங்க?"

"பார்த்ததைத்தான் எழுதுவேன், பாய்."

"அது சரி." குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன், வெளிய விடாதீங்க. திம்மப்பனுக்கு இடது காது கேக்காது. மூணு வருசமாச்சு. வலதும் அப்படி இப்படித்தான். நாங்க மூணு பேரும் கூட நிக்கிறதால ஒண்ணும் தெரியலை. எங்க மூஞ்சியப் பாத்தே அவன் கைய வைப்பான், எடுப்பான். அவனைக் கொண்டுபோய்ப் புதுப் பசங்களோட நிறுத்தினா ஒரே மாசம். கை போயிடும். இல்லன்னா டாக்டர் கண்டுபிடிச்சு வீட்டுக்கு அனுப்புவாங்க. கட்டிக்குடுக்க வேண்டிய பொண்ணு ரெண்டு வெச்சிருக்கான்."

"டாக்டரிடம் சொல்லிவிட்டு வேறு லேசான வேலை கேட்கலாமே?"

"கேக்கலாம்மா. நீங்க இந்த ஆபீஸ்லதான இருக்கீங்க. எத்தினி பேருக்குக் குடுத்திருக்காங்க?"

யாருக்கும் கொடுத்ததில்லை. அது எனக்குத் தெரியும். என் அப்பா கெலமங்கலம் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. படித்துவிட்டால் இப்படிப்பட்ட கேள்விக்குப் பதில் தெரிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருந்தது. நான் பாரக்கட்டை அடுக்கி வைத்தேன்.

"நான் ஒண்ணும் கூடப் போடச் சொல்லலை. பாத்ததைப் போடுங்க. நாங்க நல்லாத்தான் பண்ணுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி பஸ் ஆனேக்கல், கனகபுரா வழியாகப் போனது. பஸ்ஸில் எல்லோருக்கும் உற்சாகம். தீர்த்தகிரி வழியெல்லாம் சிங்கராயரை விடவில்லை.

"ஏங்க சிங்கராயரே, இன்னிக்குப் பூசை கட்டுதானே? சாமி உங்களத் தண்ணியில வெச்சுக் கேக்கப் போறாரு."

"நேத்து சாயங்காலமே பூசை பாத்துட்டுத்தான்டா வர்றேன். உன் கதைய நீ பாரு. பொண்டாட்டி துணி தொவைக்கிற கல்லைத் தாண்டி நீ தண்ணியில எறங்கியிருக்கியா?"

"நீச்சல் தெரியாதவன் எல்லாம் கை தூக்குங்க" என்று யாரோ கேட்க, பஸ்ஸில் முக்கால்வாசிக் கைகள் உயர்ந்தன. தாவூத் பாயின் கையும். அவர் தன் மடியில் ஒரு டிபன் கேரியரை வைத்திருந்தார். அவர் மனைவி சுக்ரா நால்வருக்கும் புளிச்சோறு கட்டிக் கொடுத்திருந்தார். முகாமில் சாப்பாடு உண்டு என்று சொல்லியும் கேட்கவில்லையாம்.

அவர்கள் படகுக்கு வழிகாட்டியாக வந்தவர் ராமப்பன். முப்பத்தைந்து வயதிருக்கும். அந்தக் கரையிலேயே பிறந்து, பரிசல் தள்ளி, மீன் பிடித்து வாழ்ந்தவர். இரண்டு வருடங்களாகத்தான் முகாமில் படகு ஓட்டுகிறார். படகின் பின்புறம் அவர் உட்கார்ந்து திருப்ப, முன்னால் நால்வரும் பக்கத்துக்கு இருவராகத் துடுப்புப் போட வேண்டும். கன்னடமும் தமிழும் கலந்து சொன்னார்.

"தண்ணி வேகமா வந்தா பயம் வரும். வரட்டும். ஆனா துடுப்ப மேல எடுக்கக் கூடாது. துடுப்பு தண்ணிக்குள்ள இருந்தாத்தான் படகு நம்ம பேச்ச கேக்கும். மேல எடுத்துட்டா நீங்க மூட்டை மாதிரி."

"மூட்டையின்னா யாரு, சிங்கராயரா?" என்றார் தீர்த்தகிரி.

லைஃப் ஜாக்கெட் கட்டிவிடும்போது ராமப்பன் திம்மப்பனின் இடது பக்கமாக நின்று ஏதோ கேட்டார். திம்மப்பன் திரும்பவில்லை. இன்னொரு தடவை கேட்டார். அதைப் பார்த்துவிட்ட தாவூத் பாய் நடுவே வந்து, தாழ்ந்த குரலில் கன்னடத்தில் எல்லாவற்றையும் சொன்னார். காது, மெஷின், போச்சம்பள்ளி, இன்றைய மதிப்பெண். ராமப்பன் கேட்டுக்கொண்டே நாடாவை முடிந்தார். பிறகு திம்மப்பனின் தோளைத் தட்டி, அவரை வலதுபக்கம் முன்னால், இடதுபக்கம் உட்காரும் தாவூத் பாய்க்கு நேராக உட்காரவைத்தார். அந்த இடத்திலிருந்து தாவூத் பாயின் முகம் தெரியும்.

நான் ஆற்று வளைவில் ஒரு பாறையின்மேல் பாரங்களோடு நின்றேன். மேலே, புறப்படும் இடத்தில் மேனேஜர் அடுத்த படகுக்காகக் காத்திருந்தார். கீழே, வளைவுக்கு அப்பால் ஆறு அகன்று குளம்போல நிற்கும் இடத்தில், முகாம் முதலாளி விசிலோடு நின்றார். நடுவே இருந்த பாய்ச்சல் அந்த இருவருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்.

முதல் இரண்டு சரிவுகளையும் அவர்கள் கடந்த விதத்தைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். அதற்குமுன் போன படகுகளில் ஆளுக்கொரு திசையில் துடுப்புப் போட்டு, ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் அடித்துக்கொண்டு போனார்கள். இவர்கள் நான்கு துடுப்பையும் ஒரே நேரத்தில் இறக்கி, ஒரே நேரத்தில் இழுத்தார்கள். யாரும் ஒன்று, இரண்டு என்று எண்ணவில்லை. படகு நூல் பிடித்ததுபோல் போனது. ஒத்துழைப்புக்கு நேரே ஒன்பது போட்டேன். பத்து போட்டிருக்கலாம். பத்து போட்டால் மேனேஜர் சந்தேகப்படுவார் என்று நினைத்தேன்.

மூன்றாவது சரிவுதான் பெரியது. அங்கே ஒரு பாறை நடு ஆற்றில் முதுகு காட்டிக்கொண்டிருக்கும். அதன் இடதுபக்கம் ஒதுங்க வேண்டும். படகு நேராகத்தான் வந்தது. திடீரென்று மூக்கு தாழ்ந்து, பாறை முன்னால் எழும்பி நின்றதுபோல் தெரிந்தது. "ஹாகி, ஹாகி, நில்லிஸ்பேடி" என்று ராமப்பன் கத்தினார். போடுங்க, போடுங்க, நிறுத்தாதீங்க.

நால்வரும் கையை எடுத்துவிட்டார்கள்.

நான்கு துடுப்புகளும் ஒரே நொடியில் தண்ணீரைவிட்டு மேலே வந்து, அப்படியே நின்றன. இன்றும் கண்ணை மூடினால் தெரிகிறது. ஒன்பது வருடம் ஒரு நாளைக்கு அறுநூறு தடவை கற்றுக்கொண்டதை அவர்கள் செய்தார்கள். கையை எடுத்தால் எது வந்தாலும் நிற்கும். காவிரி நிற்கவில்லை. படகு குறுக்காகத் திரும்பி, பாறையில் சாய்ந்து, கவிழ்ந்தது.

நான் பாறையிலிருந்து இறங்கிக் கரையோரமாக ஓடினேன். குளத்துக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கொத்தாக அவர்கள் வந்து சேர்ந்தார்கள். கொத்தாகத்தான். தாவூத் பாயின் ஒரு கை திம்மப்பனின் ஜாக்கெட் வாரில், இன்னொன்று சிங்கராயரின் கழுத்துப்பட்டியில். தீர்த்தகிரி எல்லோர் கால்களையும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். ராமப்பன் பின்னாலிருந்து அந்தக் கொத்தையே கரைக்குத் தள்ளினார். சிராய்ப்பு தவிர யாருக்கும் ஒன்றுமில்லை.

"உசுரு இருக்கா எல்லாருக்கும்?" என்றார் சிங்கராயர், இருமிக்கொண்டே.

"எனக்கு இருக்குது. காலைத்தான் எவனோ புடிச்சிருக்கான்" என்றார், அவர் வாயைப் பார்த்தே புரிந்துகொண்ட திம்மப்பன்.

"அது நான்தான்" என்றார் தீர்த்தகிரி. எல்லோரும் சேற்றில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

முகாம் முதலாளி சிரிக்கவில்லை. அன்றுவரை வாடிக்கையாளர் யாரும் அங்கே கவிழ்ந்ததில்லையாம். அதற்குள் மேனேஜரும் கரை வழியாக வந்து சேர்ந்தார். எல்லோர் முன்னாலும் முதலாளி ராமப்பனைக் கேட்டார். எப்படிக் கவிழ்ந்தது?

தாவூத் பாய் வாயைத் திறந்தார். நான் பார்த்தேன். பிறகு பக்கத்தில் இருந்த திம்மப்பனைப் பார்த்தார். திம்மப்பன், யார் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள்தான் துடுப்பை எடுத்தோம் என்று சொன்னால் மேனேஜர் அடுத்ததாக என்ன கேட்பார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வழிகாட்டி கத்தியது கேட்கவில்லையா என்பார். தாவூத் பாய் வாயை மூடிக்கொண்டார்.

ராமப்பன் ஈர முடியைப் பின்னால் தள்ளிவிட்டு, கன்னடத்தில் சொன்னார். தப்பு என்னுடையது. நேரம் தவறித் திருப்பிவிட்டேன்.

முதலாளி அங்கேயே அவரிடமிருந்து படகுத் துடுப்பை வாங்கி வேறொருவரிடம் கொடுத்தார். ராமப்பன் சமையல் கொட்டகைப் பக்கம் நடந்து போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

மத்தியானம் நால்வரும் ஒரு மரத்தடியில் புளிச்சோறு தின்றார்கள். ஒரு பங்கை இலையில் வைத்து ராமப்பனுக்குக் கொண்டுபோனது தாவூத் பாய்தான். கொடுத்துவிட்டு உடனே வந்துவிட்டார். "என்ன சொன்னார்?" என்று கேட்டேன். "காரம் கம்மின்னான்" என்றார்.

'நடந்தது என்ன' என்று பாரத்தின் கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. திரும்பும் பஸ்ஸில் நிரப்பினேன். படகு கவிழ்ந்தது. தன்னுடைய தவறு என்று வழிகாட்டி கூறினார். நால்வரும் நீரில் ஒருவரை ஒருவர் விடவில்லை. மூன்று வாக்கியம். ஒன்றுகூடப் பொய் இல்லை. கல்லூரியில் சுருக்கி எழுதும் பயிற்சியில் எனக்கு நல்ல மதிப்பெண் வரும். இதைவிட நன்றாக நான் எதையும் சுருக்கியதில்லை. அது திறமையா, வேறு ஏதாவதா என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மேனேஜருக்கு அந்தக் கொத்து ரொம்பப் பிடித்துவிட்டது. கூட்டங்களில் எல்லாம் அதைச் சொன்னார். பெரிய பிரஸ் குழுவை யாரும் தொடவில்லை. போச்சம்பள்ளிக்கு வேறு ஆட்கள் போனார்கள்.

அதன்பிறகு இரண்டரை வருடம் தாவூத் பாய் சந்தோஷமாகத்தான் இருந்தார். அதை நான் சொல்லியாக வேண்டும். அவர் குற்ற உணர்வில் வாடிப்போனார் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும், ஆனால் நடக்கவில்லை. திம்மப்பனின் மூத்த பெண் கல்யாணத்தில் பந்தியை அவர்தான் நடத்தினார். தன் பெண் அதியாவைக் குருபரப்பள்ளியில் கட்டிக்கொடுத்தார். ரம்ஜானுக்கு எங்கள் டிபார்ட்மென்டுக்குக் கஞ்சி வரும். தீர்த்தகிரி ஆற்றுக் கதையை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீட்டிச் சொல்வார். கடைசியாக நான் கேட்டபோது அதில் முதலை வந்திருந்தது.

ஆனால் ராமப்பனை ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் அவர் பேச்சில் இருந்துகொண்டே இருந்தது. "மூஞ்சிக்கு நேரா சொல்லணும்மா. தப்பு எங்களுதுன்னு. அந்த முதலாளிகிட்டயும் சொல்லணும்." கேன்டீனில் திம்மப்பனிடம் அதைக் கன்னடத்தில் எப்படி மரியாதையாகச் சொல்வது என்று கேட்டுப் பழகிக்கொண்டார். அவருக்கே கன்னடம் நன்றாகத் தெரியும். சிங்கராயர்தான் கேட்டார்: "ரெண்டு வார்த்தைக்கு எதுக்கு பாய் ஒத்திகை? சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்றதுக்கு நாங்களே இவ்ளோ தயார் பண்ணமாட்டோம்."

1998 ஏப்ரலில் அவர் ஓய்வு பெற்றார். திம்மப்பன் அதற்கு ஒரு மாதம் முன்பே, விரல்கள் பத்தும் முழுசாக, தானாக விலகி, மகன் வைத்திருந்த காய்கறிக் கடையில் போய் உட்கார்ந்துவிட்டார். இனி மறைக்க ஒன்றும் இல்லை. கடைசி நாள் கணக்கு முடித்துக் கையெழுத்துப் போட வந்த தாவூத் பாயிடம் அதைத்தான் சொன்னேன்.

"இப்போது போய்ச் சொல்லிவிடலாமே, பாய்."

"போனேம்மா." பேனாவை மூடி என் பக்கம் நகர்த்தினார். "போன வருசமே போனேன், திம்மப்பனையும் கூட்டிக்கிட்டு. உங்ககிட்ட சொல்லலை."

முகாமில் கேட்டபோது ராமப்பன் அங்கே இல்லை என்றார்களாம். ஆற்றோரமாக இரண்டு மைல் நடந்து அவர் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ராமப்பன் இவர்களைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். மீன் குழம்பு வைக்கச் சொன்னார். பாய் சாப்பிடுவாரோ மாட்டாரோ என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறினார்.

"சோத்துக்கு நடுவுல எப்படிம்மா எடுக்கிறது? சாப்புட்டு முடிச்சதும் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அவன் கேட்டான். நாலு பேரும் இன்னும் ஒரே மெஷின்லதான் இருக்கீங்களான்னு. இருக்கோம்னேன். அவ்ளோ சந்தோசம் அவனுக்கு. சம்சாரத்தைக் கூப்பிட்டு, 'பாத்தியா, ஒண்ணாத்தான் இருக்காங்களாம்'னான். அப்புறம் எனக்கு வாய் வரலை."

"முதலாளியிடமாவது..."

"கெளம்பறப்ப அந்தம்மாதான் வாசல்ல வெச்சுச் சொல்லுச்சு. அதுக்கப்புறம் அவனைப் படகுல ஏத்தவேயில்லையாம். நாலு பேரைக் கவுத்தவன்னு பேராயிடுச்சு. இப்ப மீன்தான் புடிக்கிறான். கேட்டுட்டு நேரா முகாமுக்குத்தான் வந்தோம். முதலாளி பெங்களூரு போயிருந்தாரு. கடைசி பஸ் அஞ்சு மணிக்கு." கணக்குத் தாளை மடித்துக்கொண்டே, "சொல்லப்போனதையும் சொல்லலை, சோறும் தின்னுட்டு வந்துட்டேன்" என்றார்.

இப்போது அவர் குருபரப்பள்ளியில், நெடுஞ்சாலையோரம் மருமகன் வைத்திருக்கும் டயர் கடையைப் பார்த்துக்கொள்கிறார். உடம்பு நன்றாக இருக்கிறது. பேரனுக்கு முனீர் அகமது என்று பெயர். லாரிக்காரர்களோடு நான்கு மொழியில் வழக்காடுகிறார். அடுத்த மாதம் போகிறேன் என்று போன பக்ரீத்துக்குச் சொன்னார்.

நடந்ததை எழுதிப் போட எனக்கும் ஒரு அஞ்சலட்டை போதும். கரையில் நின்று பார்த்தவள் நான். கன்னடம் எழுதத் தெரியாது என்று ஒரு காரணம் வைத்திருக்கிறேன். எழுதித்தர ஓசூரில் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள்.

இதை எழுதும் இந்த 1999 ஜூன் வரையில் ராமப்பனிடமோ, அந்த முதலாளியிடமோ யாரும் சொல்லவில்லை.